ஐந்து நாள் தீனி

வில்லியனூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டிய பலராமனின் குதிரை, அவர் கைக்கு வருவதற்கு முன்னால் மூன்று பேரிடம் இருந்தது. மூன்று பேரும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். வெள்ளை நிறம், கொஞ்சம் குள்ளம். கடைசியாக வைத்திருந்தவர் அதற்கு வேளாவேளைக்குக் கொள்ளைக் கொட்டி, மேலே வெல்லத்தையும் தூவி வளர்த்தார். அப்படிக் கொடுத்தால்தான் ஓட்டம் வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஓட்டம் வந்தது, கூடவே மிரட்சியும் வந்தது. காக்கை பறந்தால் துள்ளும். ரயில் ஊதினால் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். ஒரு தேர்த் திருவிழா அன்றைக்கு ஆட்களோடு வண்டியை வாய்க்காலில் சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு அதன் பக்கத்தில் போக ஆளில்லை.

பலராமன் அதை வீட்டுக்கு ஓட்டிவந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில். அவர் மனைவி தனக்கொடி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதன் வயிற்றில் கை வைத்தாள்.

"இதுக்குக் கெட்ட குணம் ஒண்ணும் இல்லய்யா. தீனி தப்பு" என்றாள்.

தனக்கொடியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். எழுதும்போது மட்டும் அவள் என்றே வருகிறது. என் அம்மா அன்னாள் வில்லியனூரில் மருத்துவச்சி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். கோயிலுக்கு நாங்கள் ஒரு பக்கம் போவோம், அவர்கள் வேறு பக்கம் போவார்கள். மற்றபடி அந்த வீட்டில் நடந்தது எல்லாம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

தனக்கொடி குதிரை வளர்க்கிற வீட்டில் பிறந்தவள் இல்லை. அவள் அப்பா அரியூரில் கரும்பு வெட்டினவர். அவளுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. கொடுத்துப் பார்ப்பாள், மறுநாள் குதிரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பாள், அதை வைத்து மறுபடி கொடுப்பாள். ஒரு வருஷத்தில் அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. கொள்ளை விரலால் நசுக்கினால் மாவாகிற மட்டும் வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரே வேளையில் கொட்டக் கூடாது. ஒன்றரைப் படியை மூன்றாகப் பிரித்து, தவிட்டில் பிசைந்து கொடுக்க வேண்டும். தெம்புக்குக் கொள்ளை ஏற்றுவதைவிட ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கு நல்லது. அது தெம்பையும் கொடுக்கும், குதிரையின் தலைக்கும் ஏறாது. வயிறு நிறைவதெல்லாம் அருகம்புல்லில்தான் நிறைய வேண்டும். தண்ணீர் முதலில், தீனி பிறகு. தின்றதும் வண்டி பூட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருந்தது. வண்டி ஓடாத நாளில் கொள்ளு ஓர் உழக்குக்கு மேல், அதாவது கால் படிக்கு மேல், போகக் கூடாது. "வேலை செய்யாத ஒடம்புல அது போய் எரியும்" என்பாள். அந்த நாட்களில் குதிரை அவளைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே இருக்கும். அவள் புல்லை இன்னும் ஒரு கை கூடப் போடுவாளே தவிர கொள்ளுப் பானையைத் தொடமாட்டாள்.

குதிரை அடங்கியது. அடங்கியது என்றால் சோர்ந்தது என்று அர்த்தம் இல்லை. மூன்று ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு காட்டேரிக்குப்பம் வரைக்கும் ஒரே சீராக ஓடும். ரயில் பக்கத்தில் வந்து ஊதினாலும் காதை மட்டும் அசைக்கும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை ஏற்றிப்போக வேண்டுமென்றால் ஊரில் பலராமன் வண்டியைத்தான் தேடி வருவார்கள். என் அம்மாவே அப்படிப் பலபேரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள்.

குதிரைக்குச் சீனி என்று பேர் வைத்தது அவர்களுடைய ஒரே மகள் அமுதம். அப்போது அவளுக்கு எட்டு வயசு. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவாள். தனக்கொடிதான் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பாள்.

அமுதத்தை அபிஷேகப்பாக்கத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பேர் சாமிநாதன். நெல் விளைகிற குடும்பம், மாமியார் ஆதிலட்சுமி கையில்தான் வீட்டு நிர்வாகம். கல்யாணமாகி மறுவருஷமே அமுதம் உண்டாகி, முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி பிறந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சின்னபாபு சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப்போய் ரயில் நின்றுவிட்டது. ரயில் இல்லையென்றால் ஜட்காவுக்கு ஆள் ஏது? வண்டி கொட்டகையிலேயே நின்றது. சீனி அதன் பக்கத்தில் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளும் தனக்கொடி தன் கணக்குப்படி விடியற்காலையில் ஓர் உழக்குக் கொள்ளு வேகவைத்துப் போட்டாள். மத்தியானம் ஆனால் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் புல்லுக்குப் போவார்கள். தண்ணீர் தேங்காத மேட்டு வரப்பைத் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் அமுதமும் குதிரையும் மட்டும்தான்.

நாலாவது நாள் தனக்கொடி கொள்ளுப் பானையில் கை விட்டவள் நின்றுவிட்டாள். பானை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன சட்டி இருந்தது. அடியில் கொள்ளுத் தோல் ஒட்டிக்கிடந்தது.

"அடியே, கொள்ளு வேவவச்சித் துன்னியா?"

அமுதம் சிரித்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுடி. அது எவ்ளோ சூடுன்னு தெரியாது உனுக்கு? மாசமா இருக்கறவ துன்னலாமா அத?"

"வாய் கேட்டுச்சிம்மா. இன்னா இப்ப?"

"இன்னாவா? நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா அது உன்னாலதான். எங்கிட்ட வந்து அழாத."

அமுதத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அம்மாவோடு பேசவில்லை. தனக்கொடியும் பேசவில்லை. கோபம் தீர்ந்துதான் இருந்தது, ஆனாலும் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் மழை நின்றது, ஆனாலும் இரண்டு பேருக்கும் பேச்சு திரும்பவில்லை. ஆறாம் நாள் விடிகிறபோது அமுதத்துக்கு வலி எடுத்திருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து தனக்கொடி கூப்பிட, என் அம்மா போய்ப் பார்த்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தவள் வெளியே வந்து பலராமனிடம் சொன்னாள்: "புள்ள குறுக்க கெடக்குது. இது என் கையில இல்ல. வண்டியப் பூட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

சீனியைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்தபோது அது ஓர் இடத்தில் நிற்கவில்லை. தலையை உதறியது, பக்கவாட்டில் நகர்ந்து ஆடியது. அதைப் பூட்டுவதற்குள் பலராமனுக்கு வேர்த்துவிட்டது. அவருக்கோ சந்தோஷம். "அஞ்சு நாள் நின்னதுக்கு இன்னிக்கிப் பறக்கும் பாரு" என்றார். தனக்கொடி மகளைத் தாங்கிப் பிடித்து வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் குதிரையை ஒரு நொடி பார்த்தாள். அடங்கின நாளிலிருந்து அது அப்படி ஆடி அவள் பார்த்ததில்லை. ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் பட்டதாம். அமுதம் அந்த நேரம் பார்த்து அலறியதும் அந்த நினைப்புப் போய்விட்டது.

வண்டி பறக்கத்தான் பறந்தது. ஆரியப்பாளையத்து ஆற்றுப் பாலம் வரைக்கும் பலராமன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் போனார். கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரை முட்டி ஓடியது. பாலத்தைத் தாண்டி மேடு ஏறியதும் ஓட்டம் தானாகக் குறைந்தது. குதிரைக்கு வேர்த்துக் கொட்டியது. காலை எட்டி வைக்காமல் சின்னச் சின்னதாக வைத்தது. பின்னங்கால் ஒன்று தரையில் இழுபட்டது. மூலக்குளம் வருவதற்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, நெல் வயல்களுக்கு நடுவில், நின்றுவிட்டது.

பலராமன் குதித்து இறங்கினார். தட்டிக்கொடுத்தார். கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். சீனி கழுத்தை நீட்டியதே தவிர கால் அசையவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. பின்தொடையைத் தொட்டுப் பார்த்தார். சதை கட்டையாக இறுகியிருந்தது. அப்போது அது மூத்திரம் பெய்தது, காப்பிக் கஷாயம் போலக் கறுப்பாக.

அவர் அந்த நோயை முன்பு ஒரே ஒரு முறை பார்த்திருந்தார். வளவனூர்ச் சந்தையில், வேறொருவர் குதிரைக்கு. பண்டிகைக்கு நாலு நாள் சும்மா கட்டிப்போட்டு முழுத் தீனி போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் ஓட்டிவந்த குதிரை அது. ரத்தம் கட்டிக்கொண்டது என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

"கொடி!" என்று குதிரைக்குப் பக்கத்தில் நின்றபடியே கத்தினார். "எவ்ளோடி போட்ட இதுக்கு?"

உழக்குத்தான் என்று சொல்லத் தனக்கொடி வாயைத் திறந்தாள். மடியில் தலை வைத்திருந்த அமுதம் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எம்மா." குரல் தணிந்து வந்தது. "நான் துன்னலம்மா. ஒரு வாய்கூடத் துன்னல. நீங்க புல்லுக்குப் போனப்புறம் அது கத்திக்கினே இருந்துச்சி. மழையில நனைஞ்சி, பாக்கவே... அதுக்குத்தான் வேவவச்சிப் போட்டேன். ஒரு நாளைக்கி ஒன்னரப் படி. துள்ளும்னுதான் நெனச்சேன். இப்பிடி நிக்கும்னு தெரியாதும்மா."

என் அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. தனக்கொடி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்து, அவள் மணிக்கட்டை ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பிடியின் நகத் தடம் இரண்டு நாள் இருந்தது என்று அம்மா சொல்வாள்.

பலராமன் வண்டியின் பின்பக்கம் வந்து நின்றார். "கேக்கறேன் இல்ல? எவ்ளோ போட்ட?"

"ஒன்னரப் படி" என்றாள் தனக்கொடி. "அஞ்சு நாளும் முழுசாப் போட்டேன். நாந்தான்."

"நீயா?"

"நாந்தான்னு சொல்றேன் இல்ல? போயி வேற வண்டி பாருய்யா!"

அமுதம் தலையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தாள். தனக்கொடி அவள் வாயைக் கையால் மூடினாள். "நீ பேசாத. மூச்சப் புடிச்சி வெய்யி" என்றாள்.

பலராமன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சவுக்கை எடுத்தார். அந்தச் சவுக்கு சீனியின் மேல் பட்டதே கிடையாது, காற்றில் சொடுக்கத்தான் பழக்கம். அன்றைக்கு மூன்று அடி அடித்தார். குதிரை நடுங்கியது, நகரவில்லை. சவுக்கை வயலில் வீசிவிட்டு அவர் வரப்பில் ஓடினார்.

தூரத்தில் உழுதுகொண்டிருந்தவர் நல்ல மனுஷர். ஏரை அப்படியே போட்டுவிட்டு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்த் தன் கட்டைவண்டியைப் பூட்டி வந்தார். அதற்கே ஒரு நாழிகைக்கு மேல் ஆயிற்று. மழைக்குப் பிறகு சாலை முழுக்கப் பள்ளம். மாடு நடக்கிற நடைதானே நடக்கும். ரெட்டியார்பாளையம் தாண்டும்போது அமுதத்துக்கு உதிரப்போக்கு கண்டது. என் அம்மா தன் சேலையைக் கிழித்து அணை கொடுத்தாள். தனக்கொடி மகளின் காதில் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். என்ன சொன்னாள் என்று அம்மாவுக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனபோது உச்சிவேளை. வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரீ தமிழில் கேட்டாள்: "எப்ப வலி எடுத்தது? இத்தனை நேரம் என்ன செய்தீர்கள்?"



பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, உயிரோடு இருந்தது. அமுதம் அதை ஒரு தடவை பார்த்தாள். வெயில் சாய்வதற்குள் போய்விட்டாள். பதினெட்டு வயசு.

மறுநாள் மேரியில், அதாவது புதுச்சேரி நகரக் கச்சேரியில், எழுதிவைக்க வேண்டியிருந்தது. பலராமன் போய் நின்றார். "ஜனனமா மரணமா?" என்று குமாஸ்தா கேட்டார். "ரெண்டும்" என்றார் பலராமன். "எதை முதல்ல எழுதட்டும்?" என்று குமாஸ்தா நல்லபடியாகத்தான் கேட்டார். பலராமன் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாமிநாதன்தான் முன்னால் வந்து சொன்னான்.

சீனி பிழைத்துக்கொண்டது. உழவர் அதன் மேல் சாக்கைப் போர்த்தி, தண்ணீர் காட்டி, இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார். ஆனால் பலராமன் தனக்கொடியை அதன் பக்கத்தில் விடவில்லை. "உன் கை அது மேல படக் கூடாது" என்றார். ஆறு மாதத்தில் அவளிடம் அவர் முழுசாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். தானே கொள்ளு வேகவைத்தார். அரைவேக்காட்டில் இறக்குவார், சூடாகவே வைப்பார். குதிரை முகர்ந்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிக் கனைக்கும். அது கனைக்கும்போதெல்லாம் தனக்கொடி எங்கள் வீட்டுப் பின்புறம் வந்து உட்கார்ந்துகொள்வாள், தன் வாசம் அதற்கு வரக் கூடாது என்று. கடைசியில் ஒருநாள் அவர் அதை வளவனூர்ச் சந்தைக்கு நடத்திப்போய் விற்றுவிட்டு, ஒரு ஜோடி மாட்டோடு வந்தார். அதற்குப் பிறகு கரும்பு வண்டிதான் ஓட்டினார். ரயிலடிப் பக்கமே போகவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், பதினாறாம் நாள் காரியத்தன்று, சம்பந்தி வீட்டார் குழந்தையைத் தூக்கிப்போக வந்திருந்தார்கள். பச்சைக் குழந்தை, ஆறு மாசமாவது அம்மாவைப் பெற்றவளிடம் இருக்கட்டும் என்று என் அம்மா சொல்லிப் பார்த்தாள். ஆதிலட்சுமி கூடத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பெத்த பொண்ணு வலியில துடிக்குது, இவ குதிரைக்குக் கொட்டித் தீனி போட்டு வழியில நிக்க வெச்சவ. இவ கையில குடுத்துட்டுப் போவ எனுக்கு இன்னா பைத்தியமா?"

என் அம்மா வாயைத் திறந்தாள். தனக்கொடி எழுந்து வந்து அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லிடறேன் தனக்கொடி. புள்ள போயிடும்டி."

"வாணாங்க்கா. சொன்னா இன்னா சொல்வாங்க? தானே தன் தலையில மண்ண வாரிப் போட்டுக்கினவன்னு சொல்வாங்க. இந்தப் புள்ள வளந்தா அதுங்கிட்டயும் அதத்தான் சொல்வாங்க. செத்தவளால வந்து பதில் சொல்ல முடியுமா? எம்மேலயே இருக்கட்டும். நான் உசுரோட இருக்கேன், தாங்கிக்குவேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாளாம்: "நான் அவளக் கடசியா இன்னா திட்டினேன் தெரிமா உனுக்கு? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா உன்னாலதான்னு சொன்னேங்க்கா. துன்னாததுக்குத் திட்டினேன்."

குழந்தையைக் கொண்டுபோய்விட்டார்கள். தையலம்மாள் என்று பேர் வைத்தார்கள் என்பதே மூன்று மாதம் கழித்து யாரோ சொல்லித்தான் தெரிந்தது. தனக்கொடி இரண்டு முறை அபிஷேகப்பாக்கத்துக்கு நடந்து போனாள். முதல் தடவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை கதவே திறக்கவில்லை. உள்ளே குழந்தை அழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாள். பிறகு போகவில்லை. நடவுக்கும் களை எடுக்கவும் கூலிக்குப் போனாள். புருஷனுக்குச் சோறு வடித்து மூடிவைப்பாள். அவர் எடுத்துத் தின்பார். ஒரே கூரையின் கீழ் ஏழு வருஷம் அப்படிப் போயிற்று.

முப்பத்தொன்பதில், சித்திரை வெயிலில், சாமிநாதன் வந்தான். விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் இறங்கினவன். கூடப் பெண் குழந்தை. அவன் அதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை, அம்மா பேச்சைத் தாண்டாதவன். "புள்ளைக்குத் தாகம். கொஞ்சம் தண்ணி..." என்று வாசலில் நின்று சொன்னான். தண்ணீர் ரயிலடியிலேயே கிடைக்கும். வேண்டுமென்றேதான் கூட்டிவந்தான் என்று நினைக்கிறேன்.

 தனக்கொடி பாயைப் போட்டாள், மறுபடி எடுத்து உதறிப் போட்டாள். குழந்தைக்கு அமுதத்தின் நெற்றி, தலையோடு ஒட்டின அதே காது. உள்ளே போய் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பலராமன் கொட்டகையில் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

குழந்தை தட்டைத் தொடவில்லை.

"துன்னு கண்ணு."

"எங்க ஆயா உங்க வூட்ல ஒண்ணும் வாங்கித் துன்னக்கூடாதுன்னு சொல்லியிருக்குது."

"தையல்!" என்றான் சாமிநாதன்.

"தண்ணி?" என்று கேட்டாள் தனக்கொடி.

குழந்தை யோசித்தது. "தண்ணி குடிக்கலாம்" என்றது. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது. குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "குதிரைக்கு நெறையத் தீனி போட்டது நீங்கதானா?"

சாமிநாதன் அதன் கையைப் பிடித்து இழுத்தான். தனக்கொடி அவனைத் தடுத்தாள். குழந்தைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா. நாந்தான்."

"ஏன் போட்டீங்க?"

"புத்தி இல்லாம போட்டுட்டேன்."

"எங்கம்மா செத்துப்போயிட்டாங்களே."

"ஆமா."

"நீங்க அழுதீங்களா?"

தனக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.  குழந்தை செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்பனோடு நடந்தது. தெருமுனை வரைக்கும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பலராமன் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கையெல்லாம் கருப்பு மை. தனக்கொடி அந்தச் செம்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"கொடி" என்றார். ஏழு வருஷத்தில் அவர் அந்தப் பேரைச் சொன்னதில்லை. "எனுக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கி பொண்ணு உங்கிட்ட சொன்னது எனுக்குக் கேட்டுச்சி. குதிர பக்கத்துலதான நின்னேன்? எல்லாம் கேட்டுச்சி. கேட்டுட்டுத்தான் பின்னால வந்து உன்ன மறுபடி கேட்டேன்."

"தெரிஞ்சா...?"

"யாரு மேலயாவது ஆத்திரப்படணும்னு இருந்துச்சி. பொண்ணு மேல படமுடியல. நீ நாந்தான்னு சொன்ன. சரின்னு புடிச்சிக்கினேன். அப்பறம் விட முடியல."

 தனக்கொடி எழுந்து அந்தச் செம்பைச் சுவரில் எறிந்தாள். அப்படி ஒரு சத்தம் அந்த வீட்டிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை. நானும் அம்மாவும் வேலிக்கு ஓடினோம்.

"ஏழு வருசம்!" என்று கத்தினாள். "எம்மேல கோவம்னா பேசாம இரு, அடி, வுட்டுட்டுப் போ. அந்தப் புள்ளயத் தூக்கிக்கினு போறப்ப நின்னு பாத்துக்கினு இருந்தியே! நான் வாய மூடினேன், அவளுக்காவ மூடினேன். நீ எதுக்குய்யா மூடின?"

 பலராமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "ஓடினா வழியிலயே புடிச்சிடலாம். மாப்பிள்ளகிட்ட இப்பவே சொல்லிடறேன்" என்று படியிறங்கினார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தனக்கொடி ஓடிப்போய் அவர் துண்டைப் பிடித்தாள்.

"போவாத."

"வுடு கொடி. அந்தப் புள்ள உன்ன..."

"அது என்ன வெறுத்துட்டுப் போவட்டும். அவங்கம்மாவ வெறுக்கக் கூடாது. பொறக்கறப்பவே அம்மா இல்ல அதுக்கு. ஆசையா நெனச்சிக்கவாவது ஒருத்தி வேணாமா?"

அவர் நின்றார். ரயில் ஊதிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவர் அந்த வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தனக்கொடி துண்டை விடாமல் பக்கத்தில் நின்றாள். என் அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரிதான் அந்த வண்டியில் நடந்தது முழுவதையும் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரிடமும் பேசக் கூடாது என்று ஜெபமாலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். மாடு, கூலி, மழை என்று பேசுவார்கள், அவ்வளவுதான். நாற்பத்துநாலில் பலராமன் வயிற்றுக் கடுப்பில் படுத்துப் பத்து நாளில் போனார். தனக்கொடி இன்னும் மூன்று வருஷம் இருந்தாள். கடைசியில் கண் சரியாகத் தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் உட்கார்ந்திருப்பாள். அபிஷேகப்பாக்கத்துப் பக்கமிருந்து யாராவது வந்தால் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். அவள் போனபோது சொல்லியனுப்பினோம். சாமிநாதன் மட்டும் வந்து வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போனான்.

போன மாதம் பாகூர்ச் சந்தையில் தையலைப் பார்த்தேன். இந்தத் தை மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. நான் அன்னாள் மருத்துவச்சி மகள் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா எப்படிச் சிரிப்பாள், என்ன பாட்டுப் பாடுவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. கிளம்பும்போது, "அந்த ஆயா ஏன்க்கா அப்பிடிப் பண்ணாங்க? எங்கம்மா இருந்திருப்பாங்க இல்ல?" என்றாள்.

அம்மா இப்போது இல்லை. இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். தெரியலம்மா என்று சொன்னேன். அவள் கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள்.